வாய்தாப் பூ

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வீட்டையும் அதன் பின்னால் உள்ள சிறு காட்டையும் விற்பதற்கு நீங்கள் அனுப்பிய அதிகாரப் பத்திரம் கிடைத்தது. குறையேதும் இல்லை. வரும் புதன்கிழமை பதிவு. உங்கள் சார்பில் நானே கையெழுத்திடலாம். எதையும் எடுத்து வைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அத்தானின் மண்வெட்டியையும் தொப்பியையும் மட்டும் என் அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறேன். இதை உத்தரவு மீறலாகக் கொள்ள வேண்டாம்.

வாங்குபவர் தச்சுப் பட்டறைக்காரர். நல்ல மனிதர். மரங்களை வெட்டிவிட்டுக் கொட்டகை போடப்போகிறார். மரங்களையும் சேர்த்து ‘மாவடை மரவடை உட்பட’ என்று எழுதிக் கொடுத்த பிறகு அதைத் தடுக்க நமக்குப் பாத்தியம் இல்லை.

இன்னொரு தகவல். முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

அத்தான் மலைக்காட்டிலிருந்து வேரோடு கொண்டுவந்து மரநிழலில் நட்ட காட்டுச் சாமந்தி நினைவிருக்கும். ஆண்டுதோறும் இலை விடும், குளிரில் தண்டு கருகும், மறுபடி வேரிலிருந்து துளிர்க்கும். பூக்க மட்டும் பூக்காது. உன் கட்சிக்காரங்க மாதிரியே இதுவும் வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுதுடா என்று என்னைச் சீண்டுவீர்கள். அத்தானோ, கேஸ் நம்ம பக்கம்தான், தீர்ப்பு வரட்டும் என்பார். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பெயரே வாய்தா.

அக்கா, வாய்தா பூத்திருக்கிறது.

எல்லை அளக்கப் போன இடத்தில் பார்த்தேன். சருகுகளுக்கு மேலே, சிறிய வெள்ளைப் பூக்கள். நடுவில் மஞ்சள், சிலவற்றில் அது வாடிச் சிவக்கத் தொடங்கிவிட்டது. அளவையாளர் சங்கிலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார். படம் எடுத்தேன், அனுப்பவில்லை. இந்த விஷயத்தில் படத்தை ஏற்கத்தக்க சாட்சியமாக நான் கருதவில்லை.

கிரயப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறேன்: அந்தச் செடியின் கடைசிப் பூ உதிரும்வரை எந்த மரத்திலும் கோடரி படக் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், என்னப்பா, செடிக்கெல்லாம் வக்காலத்து போட ஆரம்பிச்சுட்டியா என்று சிரித்தார். பட்டறைக்காரர் சிரிக்கவில்லை. யாருக்காகக் காத்திருக்குது என்று கேட்டார். கட்சிக்காரரின் அனுமதி இல்லாததால் நான் பதில் சொல்லவில்லை.

அத்தானை அடக்கம் செய்துவிட்டுப் போன பிறகு, இருமுறை பயணத்தைத் தள்ளிப்போட்டீர்கள். காரணம் கேட்கவில்லை, இப்போதும் கேட்கமாட்டேன். சட்டப்படி உங்கள் வருகை அவசியமில்லை என்பதைத் தெரிவிப்பது என் கடமை. தெரிவித்துவிட்டேன்.

முன்வாசல் வழியாக நுழைய மனம் வராவிட்டால், பின்கதவைத் திறந்து வைக்கிறேன். வாருங்கள். நீங்கள் தந்த பத்திரத்தில் எனக்கு எல்லா அதிகாரமும் இருக்கிறது. மேற்கொண்டு வாய்தா வாங்கித் தரும் அதிகாரம் மட்டும் இல்லை.

உங்கள் நலமே நாடும்
தம்பி