முதல் வரியிலேயே பூட்டிக்கொண்டேன்

பாகலூர்,
சனிக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

லிபியா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அத்தையும் நலம். மஸ்கட் வெயில் உங்களை வாட்டாதிருக்க ஜெபிக்கிறோம். எனக்கு விசா வந்துவிட்டதாக நீங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். போனில் பேசினால் பாதியிலேயே டிக்கெட் தேதிக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் கடிதமாக எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

ஓசூரில் நான் போகும் லினக்ஸ் கம்ப்யூட்டர் வகுப்பைப் பொழுதுபோக்கு என்றுதானே நினைத்தீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த சிஸ்டத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். அப்படிச் சொன்னால் என் கை சும்மா இருக்குமா? நீங்கள் வாங்கித் தந்த புது மிக்சியையே கழற்றிப் பார்த்தவள் நான். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க உட்கார்ந்தால் சாப்பாடு ஆறுவதுகூடத் தெரிவதில்லை.

கம்பெனியில் பில் போடும் இடத்திலிருந்து என்னை நெட்வொர்க் பிரிவில் பழக விட்டிருக்கிறார்கள். போன வாரம் ஓசூரில் உட்கார்ந்தபடியே குருபரப்பள்ளியில் இருக்கும் எங்கள் குடோன் சர்வருக்குள் நுழைந்து, யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் ஃபயர்வால் விதிகளை எழுதினேன். வெளியிலிருந்து வரும் எல்லாரையும் மறி என்பது முதல் வரி. நம் ஆட்களை மட்டும் விடு என்பது அடுத்தது. முதல் வரியைத் தட்டியதுமே நானும் வெளியே நின்றேன்! குடோனில் பில் நின்றது, லாரிகள் நின்றன. 

பிரிவுப் பொறுப்பாளர் மணிமேகலை மேடத்திடம் உடனே சொன்னேன். குடோன் வாட்ச்மேனை விட்டு சர்வரை அணைத்துப் போடச் சொன்னால் அந்த வரி போய்விடும் என்றார். பட்டென்று அணைத்தால் பாதியில் நிற்கும் கணக்கு கெட்டுவிடும், நானே போகிறேன் என்று பஸ் ஏறிவிட்டேன். வாட்ச்மேன் முனிவேல், 'ஏம்மா, நீயே பூட்டிக்கினு நீயே தொறக்க வந்தியா?' என்று சிரித்தார். சர்வர் முன்னால் உட்கார்ந்து அந்த வரியை அழித்தேன். லாரிகள் கிளம்பின. அப்புறமும் எனக்கு வர மனமில்லை. வரிகளை முறை மாற்றி எழுதி, ஓசூரிலிருந்து உள்ளே வர முடிகிறதா என்று மேடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

திட்டு விழும் என்றிருந்தேன். மேடமோ, குடோன் சர்வரை இனி நீயே பார்த்துக்கொள், வேலையை நிரந்தரமாக்குகிறோம் என்கிறார். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அத்தான், கல்யாணமாகி நாம் சேர்ந்திருந்த நாட்கள் கொஞ்சம்தான். அந்த ஏக்கம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அங்கே வந்து, நீங்கள் டியூட்டி முடிந்து வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. உங்கள் வேலைக்கும் ஓசூரில் கம்பெனிகள் இல்லாமலில்லை.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் காக்கட்டும். இந்த முறை டிக்கெட்டை எனக்குப் போடாதீர்கள். உங்களுக்குப் போடுங்கள்.

உங்கள்,
லிபியா