கடதாசியில் இல்லாத அறை

10.02.1983, வியாழன்

கல்முனைச் சட்டத்தரணியிடம் இன்று என் கணவரோடு நானும் போனேன். சாய்ந்தமருதில் ஒரு குடும்பத்துக்கு இவர் கூலிக்கு எடுத்துக் கட்டிக் கொடுத்த சீதன வீட்டின் ஒப்பந்தத்தை எழுதியது நான்தானே. மூன்று அறை என்று எழுதியிருந்தேன். நான்காவதைக் கலியாணப் பெண்ணின் தாய் இடையில் கேட்டார். அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கச் சொன்னேன்.

"கலியாண வூட்டில கடதாசிய நீட்டினா மொகம் முறியும் புள்ள" என்றார் இவர்.

கலியாணத்துக்கு முதல் நாள் சாவியையும் கொடுத்துவிட்டார். இப்போது அந்த அறைக்குக் காசு தரமாட்டோம் என்கிறார்கள் பெண் வீட்டார். மேசன்மாரின் கூலிக்காக என் காப்பு அடகில் கிடக்கிறது.

"எழுத்தும் இல்ல, சாவியும் குடுத்தாச்சு. வழக்கில நாலாவது அறையே இல்ல தம்பி" என்றார் சட்டத்தரணி.

"ஓம் சேர். அந்த இல்லாத அறைக்குள்ளதான் அவங்கட புள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கு" என்றார் இவர்.

இரவு இதை எழுதும்போது கண் செருகினால் அந்த அறை மட்டும் வீட்டை விட்டுக் கழன்று கடலுக்கு மேலே நிற்கிறது. யன்னல் திறந்திருக்கிறது. தொட்டில் ஆடுகிறது. உள்ளே பிள்ளை அழுகிறது.

விழித்துப் பார்த்தேன். அழுதது என் மகள். மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இவளுக்கும் ஒரு சீதன வீடு கட்ட வேண்டும். எத்தனை அறை என்று எண்ணத் தொடங்கினால் மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை.