வெற்றிலை வைத்த ரெக்கார்டு

அண்ணா,

உன் படத்திறப்புக்கு வரக்கூடாது என்றுதான் இருந்தேன். பங்காருபேட்டையில் ரயில் ஏறின பிறகும், அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. ஊர் வாய்க்குப் பயந்துதான் வந்தேன். உன்னை எடுத்த அன்றே, "கூடப் பொறந்தவ, ஒரு ஒப்பாரி வெக்கல பாரு, கல்லு மாரி நிக்கிறா" என்று என் காதுபடப் பேசினார்கள். படத்திறப்புக்கும் வராமல் போனால் சும்மா விடுவார்களா?

படத்துக்கு மாலை போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, வந்தனம் சொல்லி முடித்தார்கள். நாலு பேர் எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். நல்லவன், வல்லவன், கை தொட்டதெல்லாம் வேலை செய்யும் என்றார்கள். நானும் தலையாட்டினேன். அப்போதுதான் அண்ணி வெற்றிலை கொண்டுவந்து நீட்டினாள்.

கறுப்பாக ஒரு கிண்ணம். ஓரமெல்லாம் நெளிநெளியாக மடிந்திருந்தது. வெற்றிலை எடுக்க நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது. அடியில் வட்டமாகச் சிவப்புக் காகிதம். நட்டநடுவில் ஓர் ஓட்டை, அதை மெழுகு உருக்கி அடைத்திருந்தாய். சுண்ணாம்பு பட்டுப் பாதி அழிந்திருந்தாலும், 'டீப் லெவல்' என்ற இங்கிலீஷ் எழுத்து தெரிந்தது. உன் பாட்டு பேண்டின் பெயர்.

"இது இன்னா அண்ணி?" என்றேன்.

"உங்க அண்ணன் கைவேலைதான். பழைய ரெக்கார்டை சுடுதண்ணில போட்டு எடுத்து, குண்டான் மேல கவுத்து அமுக்குனா இப்டி ஆயிடும். இந்த லைன்ல கல்யாணம் ஆன வீட்டுக்கெல்லாம் ஒண்ணு ஒண்ணு குடுத்துட்டாரு. இன்னா அழகு பாரேன்!"

அழகாகத்தான் இருந்தது, அண்ணா. என் குரலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, வெற்றிலைக் கிண்ணமாக வளைத்திருந்தாய். கல்யாணத்துக்கு மொய்யாகவும் கொடுத்திருக்கிறாய். அந்தப் பாட்டை வாசல்படி ஏற விடமாட்டோம் என்ற வீடுகளிலெல்லாம் இன்றைக்கு அதில் மஞ்சள் குங்குமம் இருக்கும். சிரிப்பதா, வயிறெரிவதா என்று தெரியாமல் ஒரு வெற்றிலையை எடுத்து மடித்தேன்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு எல்லாம் இருக்கிறது. நைனா தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில், நீ மேலே கரண்ட் ஒர்க் ஷாப்பில். உடைந்த ரேடியோக்களின் வால்வுகளைப் பொறுக்கி நீயே ஒரு ஆம்ப்ளிபயர் செய்தாய். அதன் ஸ்பீக்கர் காகிதத்தை வேண்டுமென்றே பிளேடால் கீறிவிட்டாய். கிடாரைத் தட்டினால் சத்தம் கரகரவென்று, மில்லில் கல் அரைபடுகிற மாதிரி வந்தது. அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "ஏன்டா, நல்லாத்தான வெச்சிருந்தாங்க அத, ஏன் கிழிச்ச?" என்றாள். "இதான்மா ஹெவி சவுண்டு" என்று நீ சொன்ன போது உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதன் பிறகு நான் பார்த்ததில்லை.

பாடுவதற்கு டென்சில் என்ற ஆங்கிலோ-இந்தியப் பையன் இருந்தான். தோள்வரை முடி, இறுக்கமான பேண்ட், வாயைத் திறந்தால் இங்கிலீஷ். கிளப்பில் அவன் பாடினால் பெண்கள் மட்டுமில்லை, ஆண்களும் வாயைப் பிளப்பார்கள். பெங்களூரிலிருந்து ஒருவர் வந்து கேட்டுவிட்டு, ரெக்கார்டு போடலாம் என்றார். அட்டை அச்சடித்தாயிற்று. அட்டை முழுக்க டென்சிலின் முகம். அந்தச் சமயத்தில்தான் அவன் வீட்டோடு மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினான்.

நீ இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் காலை, குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவிட்டு வேறொருத்தி குடத்தை வைத்ததற்கு நான் கத்திக்கொண்டிருந்தேன். வரிசையாகச் சுவரொட்டின வீடுகள்தானே, லைன் முழுக்கக் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்தால் நீ வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பாப்பா, அதே மாரி கத்து. தாளத்துல கத்து. போதும்."

"இன்னாணா, பைத்தியமா உனக்கு? எனக்கு இங்கிலீஷ் வருமா?"

"தமிழ்லயே எழுதிட்டேன். நீ சாவு வூட்ல அழுவ பாரு, அடி வயித்துல இருந்து, அந்தக் குரல் வேணும் எனக்கு."

ஆமாம், அந்தக் குரல் எனக்கு இருந்தது. நம் லைனில் யார் செத்தாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சின்ன வயசுதான், ஆனால் நான் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும். அந்த அழுகைக்கு நீ கிடார் போட்டாய். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று, மேலே ஏறி வருகிற கேஜ் கூண்டில் தன் புருஷன் இருக்கிறானா என்று பார்க்கிற பெண்ணின் பாட்டு அது. 'ஏறி வர்ற கேஜுல யாரு, யாரு?' என்று முடியும். கடைசி 'யாரு'வை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு உயரத்துக்குப் போகச் சொன்னாய். போனேன். டென்சிலால் அங்கே ஏணி வைத்தாலும் ஏறியிருக்க முடியாது என்று நீயே சொன்னாய். பொய் சொல்லாதே, சொன்னாய்.

அடுத்த வீட்டுத் தேவராஜ் அண்ணனுக்கு அப்போது நைட் ஷிஃப்ட். பகலில் தூங்க விடாமல் நாம் பாடிப் பழகுவோம். சுவரை டொக் டொக் என்று தட்டுவார். "டேய், மனுசன் தூங்க வேணாமாடா?" என்பார். கொஞ்சம் நேரம் கழித்துத் திரும்பவும் தட்டுவார். "பொண்ணு குரலு மட்டும் நல்லா கீது. நீ அந்தக் கிடார அடுப்புல போடு." அவர் பெண்டாட்டி பாக்கியம் அக்கா அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்கும். கல்யாணமாகி வந்த புதுசு அவளுக்கு.

ரெக்கார்டு பண்ணின அன்றைக்கு, கோரமண்டல் சுரங்கப் பக்கத்தில் அந்தப் பழைய ஹாலில், ஜன்னலெல்லாம் கம்பளி போட்டு மூடியிருந்தோம். பெங்களூர்க்காரர் டேப் மெஷினோடு காலையிலேயே வந்துவிட்டார். காதில் பெரிய ஹெட்போன். ஷாஃப்ட் பாட்டுதான் கடைசி. "இருக்கறது இந்த ஒரு டேப்புதான், தப்பு பண்ணாதீங்க, நான் சாயங்கால ரயிலப் பிடிக்கணும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். கடைசி 'யாரு'வில் குரல் ஏறி நின்றபோது காலடியில் பூமி தூக்கிப் போட்டது.

நம்மூர்க்காரர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. கீழே பாறை வெடித்தால் மேலே பாத்திரம் உருளும், சுவர் விரியும், அடுத்த நிமிஷம் பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். நான் கண்ணைத் திறந்தேன். டிரம்ஸ் அடித்த பையன் கை இரண்டையும் தூக்கினபடி சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டான். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்து, புருவத்தைத் தூக்கி, நிறுத்தாதே என்று கண்ணைக் காட்டினாய். உன் கை கிடாரில் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் நிறுத்தவில்லை. நீ சொன்னாய், பாடினேன்.

முடிந்ததும் மைக்கைத் தள்ளிவிட்டு ஓடினோம். பெங்களூர்க்காரர் பின்னாலிருந்து, "அந்தக் கடைசி டிரம் அடி பிரமாதம்" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. ஷாஃப்டில் கூட்டம். நைனா மேலே வந்துவிட்டார். தேவராஜ் அண்ணன் அந்த வாரம்தான் பகல் ஷிஃப்டுக்கு மாறியிருந்தார். அவர் வரவில்லை. அவரைத் துணி மூடித்தான் கேஜில் ஏற்றினார்கள். பாக்கியம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரெக்கார்டு வந்தபோது அட்டையில் டென்சில் சிரித்துக்கொண்டிருந்தான். என் பெயர் அட்டையிலும் இல்லை, உள்ளேயும் இல்லை. போகட்டும். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் போட்டார்கள். நீயும் அங்கே உட்கார்ந்திருந்தாய். நான் கிருஷ்ணாயில் டின்னோடு எதிர்ப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று பாட்டும் நன்றாகத்தான் போயின. நாலாவதில் அந்த இடம் வந்தது. ரெக்கார்டிலிருந்து 'தொம்' என்று கேட்டதும் கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். ஒருவர் ஓடவே ஆரம்பித்துவிட்டார். ரெக்கார்டில்தான் என்று புரிந்ததும், கடைக்காரர் முள்ளைத் தூக்கிவிட்டார். அதற்குமேல் அந்தப் பாட்டை நம் ஊரில் எவரும் கேட்டதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"தேவராஜு போன நேரமாடா இது? அந்தப் பொண்ணு நிறுத்தலையா?" என்று ஒருவர் உன்னைக் கேட்டார்.

நீ டீ கிளாஸைக் கீழே வைத்தாய். "நான் நிறுத்துன்னுதான் சொன்னேன். அவதான் கேக்கல" என்றாய்.

எதிரில் நான் நின்றிருந்ததை நீ பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ மறுக்கக்கூட இல்லை. "பேண்டு இருக்கணும் பாப்பா. நீ எப்டியும் கல்யாணம் பண்ணிகினு போயிடுவ. நான் இங்கதான இருக்கணும்? நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றாய்.

யார் மறந்தார்கள்? "அவ யாருன்னு கேட்டா, பூமி பதில் சொல்லுச்சி" என்று குழாயடியில் பேசினார்கள். நான் வரிசையில் வந்து நின்றால் பேச்சு நிற்கும். சாவு வீடுகளில் என்னைக் கூப்பிடுவதை விட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் விஷயம் தெரிந்து திரும்பிப் போனார்கள். கடைசியில் பங்காருபேட்டையில், நம் ஊர்ப் பேச்சு எட்டாத ஒரு ரயில்வேக்காரருக்குக் கட்டிக்கொடுத்தீர்கள். நல்ல மனுஷன்தான். நான் பாடுவேன் என்பதே தெரியாமல் போய்ச் சேர்ந்தார். உன் பேண்டு மட்டும் இருந்தது. வேறொரு பையனைப் பாட வைத்துக் கல்யாணம் கல்யாணமாக வாசித்தாய். அவனும் நல்ல பையன்தான், தொண்டையும் சுமார், சாபமும் இல்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வெற்றிலையும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, பாக்கியம் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிழவியாகிவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தே, நீ போகும்வரை இத்தனை காலம் இந்த லைன் பக்கம் வராமல் இருந்தவள் நான்.

அவள் கிண்ணத்தைத் தடவிப் பார்த்தாள். "எனக்கும் ஒண்ணு குடுத்தான் உங்க அண்ணன், எம்பொண்ணு கல்யாணத்துக்கு. ஆனா எங்கிட்ட வளைக்காத ரெக்கார்டே கீது, பாப்பா. அத இன்னும் வெச்சிருக்கேன்."

"எதுக்கு அக்கா?"

"அவரு போன சத்தம் அதுலதான கீது. தூக்கிப் போட மனசு வருமா? வருசா வருசம் அந்த நாள்ல போட்டுக் கேப்பேன். முழுசா கேப்பேன்." உன் படத்தின் பக்கம் திரும்பினாள். "இடி வுழுந்ததும் டிரம்ஸ் நின்னுடுது. கிடார் நிக்கல. நிறுத்துன்னு சொன்னவன் கை ஏன்டி நிக்கல?"

அண்ணா, மடித்த வெற்றிலையைத் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டேன்.

"தெரிஞ்சுமா அக்கா ஒண்ணும் சொல்லாம இருந்த?"

"சொல்லி? போனவரு எழுந்து வருவாரா? ஊரு நம்புமா? நம்புனாலும் இன்னொருத்தர் தலையில போடுவாங்க." வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னாள். "நீ நிறுத்தாதது எனக்கு வருத்தமில்ல. அந்த நேரத்துல நான் அரிசி களைஞ்சிகினு இருந்தேன், அவருதான் போறாருன்னு எனக்குத் தெரியல. அவருக்குன்னு மேல ஒருத்தி அழுதுகினு இருந்தா பாரு. அது போதும்."

அக்கா பெரிய மனசுக்காரி. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. அக்காவைத் தவிர இன்னும் ஒரே ஒரு வீட்டில் ஒரே ஒருத்தர் அந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டிருந்தால் உன் பொய் அன்றைக்கே செத்திருக்கும். அது உனக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் விற்காமல் கிடந்த அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சுடுதண்ணீரில் முக்கினாய். ஒருவேளை உனக்குக் குற்ற உணர்ச்சி இருந்திருக்கும், பார்க்கப் பொறுக்காமல் செய்திருப்பாய் என்று அண்ணிக்காக நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல ஒரு ரயில் தூரம்தான் இருந்தது.

உனக்கு நான் ஒப்பாரி வைக்காதது ஏன் என்று இனி யாராவது கேட்டால், பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போய் அந்த ரெக்கார்டைக் கேட்கச் சொல்வேன். அந்த நாள் வரும்போது நானும் போகப்போகிறேன். அக்கா வரச்சொல்லியிருக்கிறாள்.

கிண்ணத்தை அண்ணியிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். இப்போது அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் பாத்திரம் தேய்க்கும்போது, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பாட்டை எடுக்கிறேன். குரல் உடைந்துதான் வருகிறது. ஆனாலும் உயரத்துக்குப் போகிறேன். கடைசி 'யாரு' வந்ததும் நிறுத்திவிடுகிறேன். தேவராஜ் அண்ணனுக்காக நிறுத்துகிறேன். நீ கண்ணைக் காட்டாமல் இருந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கிறது. எதிரில் யாரும் கண்ணைக் காட்டுவதில்லை. பிறகு நானாகத்தான் எடுத்து, முடிவுவரை பாடுகிறேன்.