பாப்பா கையில் எழும்பிய தடிப்பு

அக்கா,

மண்ணில் புரளும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒவ்வாமையே கிடையாது. தரையை மூன்று தடவை துடைக்கும் நகரத்து அம்மாக்கள் கண்டுபிடித்த வியாதி அது. இந்த மாபெரும் உண்மையை உலகுக்கு அறிவித்தவன் நான்.

இன்று பள்ளி மருத்துவ முகாமில் பாப்பா கையில் பூனை ஒவ்வாமைக்கான சோதனைச் சொட்டை விட்டு ஊசியால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் நாணயம் அளவுக்குத் தடித்துவிட்டது! முகாமுக்கு வந்திருந்த கிராமத்துப் பையனுக்கும் அப்படியே. "மாமா, நம்ம பூனையாலதான் எனக்கு மூச்சு இழுக்குதா?" என்று பாப்பா கேட்கிறாள்.

நேற்று "உனக்குப் பூனை முக்கியமா, பாப்பா முக்கியமா?" என்று நீ கத்தியபோது சிரித்தேனே, அந்தச் சிரிப்பை மறந்துவிடு. பூனையை நண்பன் வீட்டில் விடப் போகிறேன். பாப்பா பக்கத்து வீட்டில் படம் வரைகிறாள், கூட்டி வந்துவிடு.

பி.கு.: உள்ளே பார்த்து நட, வழுக்கும். நான் மூன்றாம் தடவை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை.