காலுபியான் மேட்டின் விவரம்

ஜனவரி 11, வியாழன்

நகராட்சியின் ஊர் விவரப் புத்தகத்தை இந்த மாதத்துக்குள் முடித்தாக வேண்டும். எங்கள் ஊர் இனுபோரானில் எத்தனை பேர், எத்தனை படகு, எவ்வளவு வயல், எவ்வளவு தென்னை. இன்று மீன் இறங்குதுறையில் நின்று எழுதினேன். பதினைந்து நாள் மழை. பாதிப் படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. வயலில் நட்ட நாற்று மிதக்கிறது. மிச்சம் காலுபியான் மேடு மட்டும்தான். பெரும்புயலுக்குப் பிறகு கடற்கரையிலிருந்து எழுப்பி அங்கே குடியேற்றிய அறுபத்திரண்டு வீடுகள். அக்கா எஸ்தெலிதா வீடும் அதில் ஒன்று.

ஜனவரி 15, திங்கள்

மேட்டுக்குப் போனேன். அக்கா வீட்டுக் கதவு சாத்த வரவில்லை. "மழையில மரம் ஊறிப்போச்சு" என்றாள். பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும். எல்லாக் கதவுமா ஊறும்?

அத்தான் இசியாங் என்னைத் தோப்புக்குள் கூட்டிப் போனார். வீடுகளுக்கு மேலே மண்ணில் ஒரு வெடிப்பு. கையை முழங்கை வரை விட்டேன். அடி தட்டவில்லை.

"போன மாசம் விரல் போற அளவுதான் இருந்துச்சு. உங்கக்காகிட்ட சொல்லிடாத. கடலுக்குப் பயந்து இங்க வந்தவ, பாவம்."

ஜனவரி 17, புதன்

புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்: மேட்டில் நிலம் பிளந்திருக்கிறது, மக்களை உடனே இறக்க வேண்டும். திட்ட அலுவலர் காத்துபிக் சார் அந்த வரியை அடித்தார்.

"பாதுகாப்பான இடம்னு நாமதானேம்மா அவங்கள மேல ஏத்துனோம்? இப்ப எங்க வைக்கிறது, உன் வீட்லயா? மண்ணைப் பாக்கச் சொல்லி நிலவியல் துறைக்குக் கடிதம் போட்டிருக்கேன். அவங்க வரட்டும்."

அடித்த வரியின் இடத்தில் 'பாதுகாப்பான குடியிருப்பு' என்று தட்டச்சு செய்தது நான்தான். என் விரல்தான்.

ஜனவரி 20

மழை.

ஜனவரி 23, செவ்வாய்

அத்தான் சந்தைக்கு வந்திருந்தார். ஊற்றில் செம்மண்ணாகத் தண்ணீர் வருகிறதாம். தென்னைகள் சாய்கின்றனவாம்.

"எல்லாரையும் இறக்குங்க அத்தான்."

"மேட்டுத் தலைவர்கிட்ட சொல்லிப் பாத்துட்டேன். எறங்குனா வீட்டை வேற யாருக்காவது குடுத்துடுவாங்கன்னு அவருக்கு பயம். ஒருத்தரும் நகர மாட்டாங்க."

நகர வைக்க என்ன வேண்டும்?

ஜனவரி 24, புதன்

எழுதிவிட வேண்டும்.

காலையில் மேட்டுக்குப் போய் வீடு வீடாகச் சொன்னேன். "கீழ மாதா கோயில் முன்னால நிவாரண அரிசி போடுறாங்க. தலைக்கு அஞ்சு கிலோ. கைக்குழந்தைக்கும் உண்டு. எல்லாரும் நேர்ல வரணும்." கூசவேயில்லை. இறங்கினார்கள்.

அத்தான் வரவில்லை. "என் பங்கையும் உங்கக்காவே வாங்கட்டும். வலை கிழிஞ்சு கெடக்கு." அரிசி இல்லை, ஓடி வாங்க என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள்; காதில் விழுந்தால் அவர்களும் இறங்கமாட்டார்கள். சொல்லவில்லை.

பதினோரு மணிக்கு, அரிசி எங்கே என்று கத்த ஆரம்பித்தார்கள். முதலில் கத்தியது அக்காதான். "மழையில நிக்க வெச்சு வேடிக்கையாடி பாக்குற?"

அப்போதுதான் அந்தச் சத்தம். லாரியிலிருந்து கல் கொட்டுவது போல. ஆனால் நிற்கவேயில்லை. மேட்டுத் தென்னைகள் நின்றபடியே கீழே நடந்து வந்தன.

பிப்ரவரி 2, வெள்ளி

வராமல் மேலேயே இருந்தவர்கள் ஒன்பது பேர். ஏழு பேரின் உடலை எடுத்துவிட்டார்கள். அத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

ஊரில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். அக்கா அழவில்லை. "வெடிப்பு இருக்குன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். என்கிட்ட மட்டும் மறைச்சீங்க. தெரிஞ்சிருந்தா அந்த மனுசனைத் தரதரன்னு இழுத்துட்டு வந்திருப்பேன்."

இழுத்து வந்திருப்பாள். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 9, வெள்ளி

காத்துபிக் சார் அன்று அடித்த வரியை இப்போது சேர்க்கச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சேர்த்தேன்.

மார்ச் 19, திங்கள்

மேட்டிலிருந்து தப்பியவர்கள் தாங்கள் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்தைக் காலி செய்ய வேண்டும். போக இடம்? கடற்கரையில், வீடு கட்டக்கூடாது என்று நகராட்சி தடுத்த அதே இடத்தில், வீட்டுக்கு மூங்கில் கால் நடுகிறார்கள். யாரும் தடுக்கவில்லை. நானும்தான்.

அக்கா கடப்பாரையோடு நின்றாள். ஒன்றரை மாதமாக என்னோடு பேசாதவள். "இந்த எடத்தைப் பத்தி உன் புத்தகத்துல என்ன போட்டிருக்க? நெசத்தைச் சொல்லு."

சொன்னேன். அடுத்த பெரும்புயலில் அலை இந்த இடத்தைத் தாண்டும், தென்னை உயரத்துக்கு வரும் என்று.

முழுக்கக் கேட்டாள். தலையாட்டினாள். பிறகு குனிந்து குழி தோண்டினாள்.