அவளுக்கு அடுத்த எண்

மார்ச் 3, செவ்வாய்

அடுத்த மாத ரோஸ்டர் வந்துவிட்டது. ஞாயிறு விடுப்பெல்லாம் அவளுக்கு. விடிகாலை விமானங்களெல்லாம் எனக்கு.

யாரையும் குறை சொல்ல முடியாது. விமானிகளுக்குள் எல்லாமே சீனியாரிட்டி எண்ணின்படிதான். ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பிறந்த தேதியைப் பார்த்து எண் கொடுப்பார்கள். அவள் என்னைவிட ஆறு நாள் பெரியவள். அதனால் முதலில் அவள், அடுத்து நான். ரோஸ்டரோ லீவோ, அவள் எடுத்தது போக மீதிதான் எனக்கு.

க்ரூ ரூமில் எல்லோரும் அவளைக் கேப்டன் பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் அப்பா இங்கேயே மூத்த கேப்டன், ஓய்வுபெறப் போகிறவர். மற்ற கேப்டன்கள் அவளிடம் “என்னம்மா, சாப்பிட்டியா?” என்று கேட்கிறார்கள். என்னிடம் இன்று ஒருவர், “நீங்க... நம்ம கம்பெனிதானே?” என்றார். யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு அவர் எதிரில்தான் நின்றிருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

சங்கக் கூட்டம். புது ஒப்பந்தத்தில் நிறுவனம் இரண்டில் ஒன்றைத்தான் தருமாம். ஒன்று, ஓய்வூதியம் இப்போது இருப்பதுபோலவே தொடரும். ஆனால் விமானங்கள் குறைந்தால் ஆட்களையும் குறைப்பார்கள். அல்லது, யாரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள், ஓய்வூதியம் பாதியாகும். எது வேண்டும் என்று நாங்களே ஓட்டுப்போட வேண்டும்.

ஆட்குறைப்பு என்றால் கடைசி எண்ணிலிருந்துதான் தொடங்கும். எனக்குக் கீழே கொஞ்சம் பேர்தான் இருக்கிறார்கள்.

பேச்சுவார்த்தைக்கு இளையவர்கள் சார்பில் ஒரு பிரதிநிதி வேண்டும், யார் வருகிறீர்கள் என்றார் தலைவர். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். கை மடியிலிருந்து முழங்கால் வரை போனது. அதற்குள் அவள் கை மேலே போய்விட்டது. அவ்வளவு சுலபமாக. பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி.

அவள் அப்பாவின் ஓய்வூதியம் ஒரு பக்கம், எங்கள் வேலை இன்னொரு பக்கம். எங்களுக்காக அவள் பேசுவாளாமே. நல்ல கூத்து.

மார்ச் 14, சனி

வீட்டுக்குப் போயிருந்தேன். ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னதும் அம்மா, “சும்மா உக்காந்திருக்கிறதுக்கு மாசாமாசம் காசு வருமா? அப்படி ஒரு வேலை இருக்கிறது தெரிஞ்சிருந்தா நானும் படிச்சிருப்பேனே” என்றாள்.

அப்பா சிரிக்கவில்லை. பெயின்ட் அடித்து அடித்து அவருக்கு வலது தோள் போய்விட்டது. சீப்பை இடது கையால்தான் பிடிக்கிறார். “வயசான காலத்துல யார் கிட்டயும் போய் நிக்கக் கூடாதுன்னு அந்த ஆளுங்க நினைக்கிறாங்க. அதுல என்னம்மா தப்பு?” என்றார்.

எனக்கு வந்ததே கோபம். அவங்க பக்கம் பேசுறாரே! பெத்த பொண்ணு வேலை போகும்னு சொல்றேன், கேப்டனுங்களுக்காகப் பரிந்து பேசுறார். எந்தக் கேப்டனாவது நமக்காகப் பேசினானா?

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மார்ச் 21, சனி

இன்று கேப்டன் பொண்ணின் அப்பாவோடு பறந்தேன். அவரை வெறுத்துவிடலாம் என்று தயாராகப் போயிருந்தேன்.

ஓடுதளத்தில் பலத்த குறுக்குக் காற்று. அவரே இறக்குவார் என்று நினைத்தேன். “நீங்களே எறக்குங்க. குறுக்குக் காத்துன்னா நீங்கதான்னு என் பொண்ணு சொல்லுவா. வீட்ல உங்க பேச்சுதான்” என்றார்.

இறக்கினேன். நன்றாகவே இறக்கினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

என்னைப் பற்றி அவள் ஏன் வீட்டில் பேச வேண்டும்? நான் அவளைப் பற்றி என் வீட்டில் பேசுவதெல்லாம்— சரி, அது வேறு.

மார்ச் 27, வெள்ளி

ஓட்டெடுப்புக்கு முன் கடைசிக் கூட்டம். அவள் பேசினாள். ஒரே மேசை, அந்தப் பக்கம் மூத்தவர்களுக்காக அவள் அப்பா, இந்தப் பக்கம் அவள். குரல் நடுங்கவே இல்லை. அவள் முழுக்க முழுக்க எங்கள் பக்கம்தான் பேசினாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

நடுவில் ஒன்று சொன்னாள்: “வேலையே இல்லாம போனவங்களுக்கு எந்த வயசுல பென்ஷன் வரும்?” சுவரோரம் நின்றவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அது நான் சொன்னது. போன வாரம் க்ரூ பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, அவளிடம் நான் சொன்னது!

கைதட்டல் அடங்கியதும் அவள், “இது என் வார்த்தை இல்ல. சொன்னவங்க இங்கதான் இருக்காங்க” என்று என் பக்கம் திரும்பினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் சட்டென்று குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன்.

என் ஷூவுக்கு லேஸ் கிடையாது.

ஏப்ரல் 2, வியாழன்

தோற்றுவிட்டோம். கொஞ்ச ஓட்டில்தான். ஓய்வூதியம் அப்படியே தொடரும்.

ஏப்ரல் 6, திங்கள்

ஆட்குறைப்பு அறிவிப்பு. கோடு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. தங்குகிறவர்களில் கடைசி அவள். போகிறவர்களில் முதல் நான்.

ஆறு நாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். “டாக்டர் சொன்ன தேதிக்கு நீ வரல. பத்து நாள் கழிச்சுத்தான் வந்த. வெளிய வர்றதுக்கே உனக்கு அப்பவே அவ்வளவு கூச்சம்” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தது.

சொன்ன தேதிக்கே வந்திருந்தால் அவள் எனக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு. வேலையும் எனக்கு. பிறக்கிறதுலகூட அவ முந்திக்கிட்டா.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று அலுவலகத்தில் அடையாள அட்டையை ஒப்படைக்கப் போனேன். ரோஸ்டர் பார்க்கிற அக்கா, “எதுக்கு? அதை நீயே வெச்சுக்கோ. நீ போகல” என்றார்.

மேலே இருக்கிற யாராவது சம்பளமில்லாமல் விலகி நிற்கத் தானாக முன்வந்தால், கீழே ஒருவர் தங்கலாம். விலகியவரின் எண் அப்படியே இருக்கும், விமானங்கள் கூடினால் திரும்பக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஏப்ரல் 11, சனி

நேற்று முழுக்க நன்றி வரவில்லை. என்ன வந்தது என்று எழுதினால்தான் தூங்க முடியும்.

அவளால முடியுது. அதான். அவ வீட்ல பென்ஷன் வரப்போகுது, அவ விலகி நிக்கலாம். என் வேலைக்கு உலை வெச்ச அதே பென்ஷன்தான் இப்ப அவளை நல்லவளாக்குது. கேப்டன் பொண்ணா இருந்தா நானும்தான் நல்லவளா இருப்பேன்.

இருப்பேனா?

அவளுக்கு முன்னால் எத்தனையோ கேப்டன் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

அவள் லாக்கரைக் காலி செய்ய வந்திருந்தாள். கதவருகில் நின்றேன். நன்றி என்று சொல்ல வாயெடுத்து, “குடையை விட்டுட்டீங்க” என்றேன்.

“மழைல பறக்கறவங்களுக்குத்தானே வேணும், நீயே வெச்சுக்கோ” என்றாள். நான் நீங்க, அவள் நீ. அதுகூட ஆறு நாள் உரிமைபோலத்தான் இதுவரை பட்டிருக்கிறது. இன்று அப்படிப் படவில்லை.

மே 5, செவ்வாய்

ஜூன் ரோஸ்டருக்கு விருப்பம் கேட்டார்கள். அவள் இல்லாததால் என் முறை சீக்கிரம் வந்தது. ஞாயிறுகள் காலியாக இருந்தன. இரண்டை எடுத்துக்கொண்டேன். எதிர்பார்த்த அளவு இனிக்கவில்லை.

சங்கத்தில் அவள் இடம் காலியாகவே இருக்கிறது. யார் வருகிறீர்கள் என்று அடுத்த கூட்டத்தில் கேட்பார்களாம்.

மதியம் அதே ஓடுதளம், அதே குறுக்குக் காற்று. இறங்கி, க்ரூ பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். நன்றி என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கடைசியில், “இன்னிக்கு சரியான காத்து. எறக்கிட்டேன்” என்று மட்டும் அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. போனைக் கையிலேயே வைத்திருந்தாள்போல.

“பொறாமையா இருக்குடி.”

பஸ் நின்ற பிறகும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.