வீட்டுக்குள் செருப்பு

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கு மார்க்கெட்டிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். வாசலில் கழற்றும்போதுதான் பார்க்கிறேன், வலது காலில் இருக்கிறது, இடது காலில் இல்லை. ஆவடி மார்க்கெட்டுக்கும் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கும் நடுவில் எங்கே விட்டேனோ. கீரைக்குப் பேரம் பேசினேன், ரோட்டைக் கடந்தேன், தெரிந்தவர்கள் நாலு பேரைப் பார்த்துச் சிரித்தேன். ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?

இவர் பேக்டரியிலிருந்து வந்ததும் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்பாவு என்று பெயர் வைத்தாலும் வைத்தார்கள், ஒரு விஷயத்தில்கூட அப்பாவி கிடையாது.

சிரிக்கிற விஷயமா இது? ரெண்டு காலிலும் எரிச்சல், இடது காலில் ஜாஸ்தி. படுத்தால் மிளகாய் அரைத்து அப்பின மாதிரி இருக்கிறது. போர்வை பட்டால்கூட ஆகவில்லை.

ஜூன் 13, வெள்ளி

ஊரில் இருக்கிற அத்தனை பேரும் டாக்டர். எதிர்வீட்டுப் பொன்னியம்மா வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நிற்கிறாள். உடம்பில் சூடு ஏறிவிட்டதாம், வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைக்க வேண்டுமாம். நாத்தனார் போனில் எல்லாம் மனசுதான் அண்ணி என்கிறாள். மனசு காலிலா இருக்கிறது? பிரசன்னா அம்பத்தூரில்தான் வேலை பார்க்கிறான், பஸ் ஏறினால் வந்துவிடலாம். பெற்ற தாயை வந்து பார்க்காமல் ஆன்லைனில் கால் அமுக்குகிற மெஷின் அனுப்பியிருக்கிறான். அது போடுகிற சத்தத்தில் டிவி கேட்கவில்லை.

இவர் கேட்கிற கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. "மரத்துப்போச்சுங்கிற, எரியுதுங்கிற. ரெண்டுல எது, ஒண்ணு சொல்லு."

ரெண்டும்தான். தொட்டால் தெரியவில்லை, தொடாமலே எரிகிறது. இதை நான் எந்த பாஷையில் சொல்லித் தொலைக்க?

ஜூன் 20, வெள்ளி

சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தேன். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முந்தானை வரை ஒரே தையல். ஆடித் தள்ளுபடி ஆரம்பித்தால் வேலை குவியும், இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்? உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு டாக்டர்.

ஜூன் 21, சனி

டாக்டர் ரோஷினி சின்னப் பெண். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நைலான் நூலால் பாதத்தைத் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள். தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணைத் திறந்தால் நூலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா."

பரீட்சையில் பிட்டு வைத்து மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. இவர் வேறு பக்கத்திலேயே.

இத்தனை வருஷத்துச் சர்க்கரை கால் நரம்புகளைக் கெடுத்து வைத்திருக்கிறதாம். கெட்டுப்போன நரம்பு தொட்டால் சொல்லாது, சும்மா இருக்கும்போது எரிகிறது எரிகிறது என்று சொல்லுமாம். அப்பாடா, ஒருத்தியாவது ரெண்டும் உண்டு என்றாளே! இவரைத் திரும்பிப் பார்த்தேன். சுவரில் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

எரிச்சலுக்கு ஒரு மாத்திரை, சர்க்கரை மாத்திரையில் மாற்றம், ஒரு ரத்தப் பரிசோதனை. எல்லாம் சரி என்றேன். கடைசியில் போட்டாள் ஒரு குண்டு. இனிமேல் வெறுங்காலோடு நடக்கவே கூடாதாம், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டுமாம். பூஜை ரூமில் என்று கேட்டேன். அங்கேயும்தான் என்கிறாள்.

என் வீட்டிலா? கேஸ்காரர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். பிரசன்னாவின் மேனேஜரையே ஷூவைக் கழற்ற வைத்தவள் நான். பாவம், ஓட்டைச் சாக்ஸைச் சோபாவுக்கடியில் மறைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வருகிற வழியில் இவர் ஒரு ஜோடி வாங்கினார். மெத்தென்று, நழுவாமல் இருக்கப் பின்னால் பட்டையோடு. பெட்டியோடு கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

மாத்திரையால் தலை சுற்றுகிறது. சாம்பாரில் உப்பு ரெண்டு தரம் போட்டிருக்கிறேன். டாக்டருக்குப் போன் செய்தால், கொஞ்ச நாளில் பழகிவிடும், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்கிறாள். சாம்பாரைச் சாப்பிடப் போவது அவளா?

ஜூலை 14, திங்கள்

எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும். ஒரு வாரமாக எரிச்சல் இல்லை. எப்போதாவது லேசாகச் சுருக்கென்கிறது, அவ்வளவுதான். போர்வை போர்த்திக்கொண்டு தூங்குகிறேன். கால் சரியாகிவிட்டது.

செருப்பு எங்கே என்று இவர் கேட்டார். காலே சரியாகிவிட்டது, செருப்பு எதற்கு என்றேன். டாக்டர் என்று ஆரம்பித்தார். உங்க வேலையப் பாருங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆடி மூன்றாம் வெள்ளி. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பிரகாரம் சுற்றும்போது உச்சி வெயில். கருங்கல் தரை. சாக்கை நனைத்துப் போடுகிறோம் என்று சொன்ன கமிட்டிக்காரர்களைக் காணோம். ஜனங்கள் குதித்துக் குதித்து ஓடுகிறார்கள். பொன்னியம்மா துண்டைத் தரையில் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு வர மாட்டேன் என்கிறாள். நான் மட்டும் நடந்தேன், ஒரு அவசரமும் இல்லாமல். ஒரு சுற்று, வேண்டிக்கொண்டபடி இன்னும் ரெண்டு சுற்று.

ஒன்றுமே இல்லை. எரிச்சல் இல்லை, சூடு இல்லை. எத்தனை மாசம் இந்தக் காலை நினைத்து அழுதிருப்பேன்! சந்நிதியில் நின்று நிஜமாகவே அழுதேன், சந்தோஷத்தில். பொன்னியம்மா குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆத்தா உன் காலாண்ட வந்து குந்திக்கினாம்மே," என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையிலிருந்து வீடெல்லாம் ஈரக்கால் தடம். ஹாலில், சமையலறையில், பூஜை ரூம் வாசலில். குளித்துவிட்டுக் காலைத் துடைக்காமல் நடக்கிறீர்களே என்று இவரைத் திட்டினேன். துடைத்தேன். திரும்பி வந்தால் மறுபடியும் தடம். மறுபடியும் திட்டினேன். ஒருநாள் லீவு, அதிலும் இவர் கால் இப்படி என்று சத்தம் போட்டேன். அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்தார். அப்புறமும் தடம் இருக்கவே, மாப்பை எடுத்துக்கொண்டு நாற்காலிக்கே போய்க் காலைத் தூக்குங்கள் என்றேன். தூக்கினார். ரெண்டு பாதமும் காய்ந்து கிடந்தது.

அவர் தரையைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"சுசீலா, அது உன் கால்."

உட்கார வைத்துத் தூக்கிப் பார்த்தார். ரெண்டு பாதத்திலும் கொப்புளம். இடது பாதத்தில் உடைந்து, தோல் சுருண்டு, சுண்டுவிரல் அடியில் சதை தெரிகிறது, நீர் வடிகிறது. விடிந்ததிலிருந்து அதன் மேலேயேதான் வீடு முழுக்க நடந்திருக்கிறேன். எனக்கு ஒண்ணுமே தெரியலையே. சத்தியமா ஒண்ணுமே தெரியலையே.

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. காயத்தைக் கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மாத்திரை வலிய மட்டும்தாம்மா அமுக்கும். போன உணர்ச்சிய அது திருப்பித் தராது. எரியலன்னா குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்கப் போனேன். சொன்னேன்மா என்பாள். சொல்லியும் இருப்பாள். நான்தான் செருப்பு என்ற இடத்திலேயே காதை மூடிக்கொண்டேனே.

கால் தரையில் படக்கூடாது. சுண்டுவிரலில் ரத்த ஓட்டம் சரியில்லை, சர்க்கரை இறங்கவில்லை என்றால் விரலைக் காப்பாற்றுவது கஷ்டம், விட்டால் பாதத்துக்கும் ஏறும் என்கிறாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இவர் லீவு போட்டுவிட்டுச் சமைக்கிறார். ரசத்துக்குப் பருப்பைக் குழைய விட்டு அதைக் கூட்டு என்கிறார். உப்பு டப்பாவில் சர்க்கரை, சர்க்கரை டப்பாவில் ரவை. கட்டிலில் கிடந்தபடியே இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

காலெல்லாம் வீங்கி மெட்டி இறுகிவிட்டது. சோப்பு நுரை போட்டு நூல் சுற்றி இவரேதான் கழற்றினார். போட்டுவிட்ட கையே கழற்றுவதா என்று பொன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவர் மெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சுண்டுவிரல் கறுக்கிறது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே ஆறுதல்தான் சொல்கிறார்கள். நல்லவேளை, சுண்டுவிரலோடு போச்சே. பொன்னியம்மா அதற்கும் ஒரு படி மேலே.

"மெட்டி வெரல் தப்பிச்சிக்கிச்சு பாரு, அத்த நெனச்சிக்கோ."

எதை நினைத்துக்கொள்ள? ஐம்பத்து மூன்று வருஷமாக என்னோடு இருந்த விரல். யாருக்கும் அது ஒரு விரலாகவே தெரியவில்லை. கூழ் வாங்கிக் குடித்த அத்தனை பேரும் நன்றாக நடக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன்? பொன்னியம்மா போன பிறகு தலையணையில் முகத்தை வைத்துக் கத்தினேன்.

பிரசன்னா வந்திருந்தான். இந்தத் தடவை மெஷின் ஒன்றும் கொண்டு வரவில்லை. என் காலைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பாருடா என்றேன். பார்த்தான். அப்புறம் ரொம்ப நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

சாயங்காலமானால் இவர் செல்போன் டார்ச்சோடு வந்துவிடுகிறார். என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பார்க்கிறார். டாங்கிக்கு உதிரிபாகம் பரிசோதிக்கிற மனிதர் அல்லவா, திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சில நாள் எரிச்சலாகவும் இருக்கிறது. போதும் விடுங்கள் என்றால் விடமாட்டேன் என்கிறார்.

இன்றைக்குப் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார். "எரிச்சலா, மரமரப்பா? இன்னிக்கு ரெண்டுல எது ஜாஸ்தி?"

ரெண்டும் சமம் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அக்டோபர் 10, வெள்ளி

காயம் ஆறிவிட்டது. நடக்கலாம். சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. எரிச்சல் வரும் போகும், மாத்திரை தொடரும், வாழ்நாள் முழுக்க இப்படித்தான் என்கிறாள் டாக்டர். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

கேஸ் வந்தது. கதவைத் திறந்தேன். கேஸ்காரர் வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் என் காலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். வீட்டுக்குள் நிற்கிறேன், காலில் செருப்பு. இவர் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துக் கழுவி வைத்த அதே ஜோடி. சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் பஞ்சு அடைத்திருக்கிறது.

"கழட்டணுமாக்கா?" என்று கேட்டார்.

"கழட்டிட்டு வாப்பா," என்றேன். பின்னே?

சாயங்காலம் ஆடிக்கப்புறம் முதல் தடவையாகப் பூஜை ரூமுக்குப் போனேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பழக்கத்தில் கை செருப்பின் பட்டைக்குப் போனது. ஹாலில் பேப்பர் சத்தம் நின்றுவிட்டது, இவர் பார்க்கிறார் என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டேன். செருப்போடுதான் உள்ளே போனேன். திரியைத் தூண்டி விளக்கேற்றினேன், குங்குமம் வைத்தேன்.

படத்திலிருந்து அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்க்கட்டும். சொல்வதாக இருந்தால் அன்றைக்கு அந்தக் கல் மேல் நான் நடந்தபோதே சொல்லியிருக்கலாம்.